முதல் உதவி ஒரு குரல்

நுழையும்முன்

நோயுற்றவரின் அருகில் மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடக் கூடுமா? தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் ஒருவர், தாம் காணாத நோயாளிக்குக் கேள்விகளின் வழியாக உதவ முடியுமா? முடியும் என்பதையும், அதற்கு அழைப்பவரின் மொழித்திறன் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

எண் பிறந்த வரலாறு

1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அருகில் வசித்த ஒருவர் தீயணைப்புத் துறையைத் தொலைபேசியில் அழைக்க முயன்றார். அக்காலத்தில் அழைப்புகள் அனைத்தும் தொலைபேசி நிலையத்தில் வரிசையாகவே எடுக்கப்பட்டன. நலம் விசாரிக்கும் அழைப்பும் உயிர் காக்கும் அழைப்பும் ஒரே வரிசையில் நின்றன. அவருடைய அழைப்பும் காத்துக் கிடந்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அந்த நிகழ்வுக்குப் பின்னர் எழுந்த விவாதத்தின் பயனாக, 1937ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று இலண்டனில் 999 என்னும் அவசர அழைப்பு எண் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 என்ற எண்ணின் முதல் அழைப்பு 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் ஒலித்தது.

இந்தியாவில் நெடுங்காலமாகக் காவல்துறைக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 102 எனத் தனித்தனி எண்கள் வழங்கி வந்தன. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் 108 சேவை தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் இயங்கி வருகிறது. இன்று தமிழ்நாட்டு மக்கள் ஆம்புலன்ஸையே 'நூற்றியெட்டு' என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

தலைநகர் தில்லியில் இப்பணியைச் செய்வது தில்லி அரசின் தன்னாட்சி அமைப்பான மைய விபத்து மற்றும் காயச் சிகிச்சைச் சேவை ஆகும். மக்கள் அதனைச் சுருக்கமாகக் 'கேட்ஸ்' என்பர். அதன் எண் 102. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றிற்கும் பொதுவான 112 என்ற எண் 2019 முதல் தில்லியில் பயன்பாட்டில் உள்ளது.

எண்ணை அழுத்தியதும் மறுமுனையில் ஒரு குரல் கேட்கிறது. அக்குரலுக்கு உரியவர் மருத்துவமனையில் இல்லை, ஆம்புலன்ஸிலும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார். அவரே அழைப்புப் பணியாளர். அவர் கையில் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. அவரிடம் இருப்பவை கேள்விகள் மட்டுமே.

முதற் கேள்வி: எங்கே?

பதற்றத்தில் அழைப்பவர் பெரும்பாலும் 'என்ன நடந்தது' என்பதையே முதலில் சொல்ல விரும்புவார். பணியாளரோ 'எங்கே' என்பதையே முதலில் கேட்பார். இதில் ஒரு காரணம் உண்டு. இணைப்பு இடையில் அறுந்துபோனாலும், இடம் தெரிந்திருந்தால் ஊர்தியை அனுப்பிவிடலாம். இடம் தெரியாமல் நோயின் விவரம் முழுவதும் தெரிந்திருந்தாலும் பயன் இல்லை.

தில்லியில் இக்கேள்வி எளிதன்று. மயூர் விகார் ஒன்றன்று. முதற்கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என மூன்று உள்ளன. படேல் நகரில் கிழக்கு, மேற்கு, தெற்கு என்னும் பிரிவுகள் உண்டு. இராஜேந்திர நகரில் பழையதும் புதியதும் உண்டு. ஒரே பாக்கெட் எண் வெவ்வேறு குடியிருப்புகளில் மீண்டும் மீண்டும் வரும். 'மயூர் விகார்' என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டால் ஊர்தி எந்தக் கட்டத்திற்குச் செல்வது?

அலைபேசியின் இருப்பிடத்தை வரைபடத்தில் அறியும் வசதி இன்று உண்டு. எனினும் நான்கு மாடிக் கட்டடத்தில் எந்த மாடி, எந்தக் கதவு என்பதை வரைபடம் சொல்லாது. பழைய தில்லியின் குறுகிய சந்தில் ஊர்தி நுழையுமா, தெருமுனையிலேயே நிற்குமா என்பதை அங்கே வாழ்பவரே அறிவார். ஆகவே, தெளிவான முகவரியுடன் ஓர் அடையாளமும் சொல்லுதல் வேண்டும். மதர் டெய்ரி சாவடி, குருத்வாரா, பள்ளிக்கூடம், மெட்ரோ நிலையத்தின் வாயில் எண் ஆகியவை நல்ல அடையாளங்கள். சாலையில் விபத்தைக் காண்பவருக்கு மெட்ரோ பாலத்தின் தூண்களில் எழுதப்பட்டுள்ள எண் பெருந்துணை செய்யும். 'பெரிய சாலையில், பாலத்தின் அருகில்' என்று சொல்வதைவிடத் தூணின் எண்ணைச் சொல்வது பன்மடங்கு மேலானது.

இன்னொரு செய்தியும் உண்டு. தில்லியின் பல குடியிருப்புகளில் இரவு ஆனதும் வாயில்களில் பெரும்பாலானவற்றைப் பூட்டி, ஒன்றை மட்டும் திறந்து வைப்பர். எந்த வாயில் திறந்திருக்கும் என்பதைச் சொல்வதும், அங்கு ஒருவரை நிறுத்தி வைப்பதும் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

கேள்வி தாமதமன்று

"இத்தனை கேள்வி எதற்கு? முதலில் வண்டியை அனுப்புங்கள்!" என்று சினப்போர் பலர். சிலர் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். கேள்விகள் முடிந்த பிறகுதான் ஊர்தி புறப்படும் என்று அவர்கள் எண்ணுவதே இதற்குக் காரணம்.

உண்மை வேறு. கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை ஏற்பதும் ஊர்தியை அனுப்புவதும் இருவேறு பணிகள். பல மையங்களில் அவற்றை இருவேறு பணியாளர்கள் செய்கின்றனர். ஒருவர் கேட்டுப் பதிவு செய்யும்போதே, மற்றொருவர் அருகிலுள்ள ஊர்தியைக் கண்டறிந்து அனுப்புகிறார். அடுத்தடுத்த கேள்விகள் ஊர்தி சாலையில் விரைந்து கொண்டிருக்கும்போதே கேட்கப்படுகின்றன. எத்தகைய ஊர்தி தேவை, கூடுதல் உதவி வேண்டுமா, வந்து சேரும்வரை அருகில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்பனவற்றை அவை முடிவு செய்கின்றன. 108 சேவையின் மையங்களில் மருத்துவர்களும் பணியில் இருந்து, ஊர்தியில் செல்லும் மருத்துவ உதவியாளருக்குத் தொலைபேசி வழியே ஆலோசனை வழங்குகின்றனர்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை வேண்டும் என்பதை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில் ஜெஃப் கிளாசன் என்னும் மருத்துவர் உணர்ந்தார். ஒவ்வொரு நிலைக்கும் கேட்கவேண்டிய கேள்விகளையும் சொல்லவேண்டிய அறிவுரைகளையும் அவர் அட்டைகளில் தொகுத்தார். பணியாளரின் மனநிலை எவ்வாறு இருப்பினும், எவரும் விடுபடாமல் ஒரே தரமான உதவியைப் பெற அம்முறை வழிசெய்தது. அதன் வளர்ந்த வடிவங்கள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன.

நான்கு நிமிடங்கள்

இதயம் திடீரென நின்றுவிட்டால் மூளைக்குச் செல்லும் குருதி நின்றுவிடும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளையின் உயிரணுக்கள் சிதையத் தொடங்கும். தில்லியின் போக்குவரத்து நெரிசலில் எந்த ஊர்தியும் அத்துணை விரைவில் வந்து சேரும் என்று உறுதி கூற இயலாது. மருத்துவ உதவியை விரைவுபடுத்த, பயிற்சி பெற்ற செவிலியரை மோட்டார் சைக்கிளில் அனுப்பும் முயற்சியும் எய்ம்ஸ் மருத்துவமனையின் சுற்றுப்புறத்தில் 2019இல் தொடங்கப்பட்டது. எனினும், முதல் நான்கு நிமிடங்கள் பெரும்பாலும் அருகில் இருப்பவரின் கையிலேயே உள்ளன.

இதனால்தான் இரண்டு கேள்விகள் எல்லாவற்றினும் முதன்மை பெறுகின்றன. நினைவு இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டிற்கும் 'இல்லை' என்பது விடையானால், உடனே மார்பழுத்தம் தொடங்கப்பட வேண்டும். இரண்டாம் கேள்வியில் 'இயல்பாக' என்ற சொல் மிக நுட்பமானது. இதயம் நின்ற பின்னும் சிலருக்குக் குறட்டை போன்ற ஒலியுடன் விட்டுவிட்டுத் திணறல் வரும். அது மூச்சன்று. அதனை மூச்சு என்று கருதிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மார்பழுத்தத்தைத் தொலைபேசி வழியே கற்பித்துச் செய்யவைக்கும் முறை உலகின் பல நகரங்களில் வழக்கத்தில் உள்ளது. பின்வரும் கற்பனை உரையாடல் அம்முறையை விளக்குகிறது. பேச்சு இந்தியில் நிகழ்வதாகக் கொள்க.

பணியாளர்: அவசர மருத்துவ உதவி. ஆம்புலன்ஸ் எந்த இடத்திற்கு வரவேண்டும்?

சிறுமி: எங்கள் தாத்தா விழுந்துவிட்டார். சீக்கிரம் வாருங்கள், மேடம்!

பணியாளர்: வருகிறோம், அம்மா. எந்த இடத்திற்கு?

சிறுமி: ராமகிருஷ்ணாபுரம், செக்டர் 4. அரசுக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. மதர் டெய்ரிக்கு எதிரில். (வீட்டு எண்ணையும் சொல்கிறாள்.)

பணியாளர்: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா?

சிறுமி: இல்லை.

பணியாளர்: இயல்பாக மூச்சு விடுகிறாரா?

சிறுமி: விடுகிறார்... குறட்டை போல வருகிறது. நடுநடுவே நின்றுவிடுகிறது.

பணியாளர்: ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. உன்னுடன் வேறு யார் இருக்கிறார்கள்?

சிறுமி: பாட்டி மட்டும். அவருக்கு இந்தி தெரியாது.

பணியாளர்: பக்கத்து வீட்டாரை அழைத்துவரும்படி பாட்டியிடம் சொல். கதவு திறந்தே இருக்கட்டும். தாத்தா தரையில் இருக்கிறாரா, கட்டிலில் இருக்கிறாரா?

சிறுமி: தரையில். மல்லாந்து கிடக்கிறார்.

பணியாளர்: நல்லது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை. தாத்தாவின் அருகில் மண்டியிட்டு உட்கார்.

சிறுமி: எனக்குப் பயமாக இருக்கிறது.

பணியாளர்: நான் இணைப்பிலேயே இருக்கிறேன். மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. அதன்மேல் மற்றொரு கையை வை. முழங்கையை மடக்காமல், வலுவாக, வேகமாக அழுத்து. ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழ விடு. என்னுடன் சேர்ந்து எண்ணு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

வளர்ந்தவருக்கு மார்பை ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுத்தவேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. இது களைப்பூட்டும் பணி. பக்கத்து வீட்டார் வந்தவுடன் மாறி மாறிச் செய்யவேண்டும். ஊர்தியில் வருவோர் பொறுப்பேற்கும்வரை நிறுத்துதல் கூடாது.

இவ்வுரையாடலில் பணியாளர் 'பயப்படாதே' என்று சொல்லவில்லை என்பதைக் காண்க. அச்சம் கொண்டவரிடம் அச்சப்படாதே என்பதால் அச்சம் நீங்காது. செய்வதற்கு ஒரு செயலைக் கொடுத்தால் அது நீங்கும். அழைப்பவர் கூச்சலிட்டாலும் பணியாளர் தம் குரலை உயர்த்துவதில்லை. அதே கேள்வியை, அதே சொற்களில், அதே தணிந்த குரலில் மீண்டும் கேட்கிறார். சிறிது நேரத்தில் எதிர்முனையில் இருப்பவரின் குரலும் தணிகிறது.

வினாவும் விடையும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், விடைகளை எட்டு வகையாகப் பகுத்துள்ளது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் உணர்த்தும் விடைகள். அன்றாட உரையாடலில் இவ்வைந்தும் பேச்சுக்குச் சுவையூட்டுவன. அவசர அழைப்பிலோ இவையே காலத்தை விழுங்குகின்றன.

"மூச்சு விடுகிறாரா?" என்பது கேள்வி. அதற்கு மக்கள் கூறும் விடைகளைக் காண்போம்.

"நீங்களே வந்து பாருங்கள்" என்பது ஏவல் விடை.

"மூச்சு விட்டால் உங்களை ஏன் அழைக்கிறேன்?" என்பது வினா எதிர் வினாதல் விடை.

"நேற்றே நெஞ்சு எரிகிறது என்றார்" என்பது உற்றது உரைத்தல் விடை.

"இன்னும் தாமதித்தால் உயிர் போய்விடும்" என்பது உறுவது கூறல் விடை.

"நாடி துடிக்கிறது" என்பது இனமொழி விடை.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. எல்லாம் அன்பினாலும் துயரத்தாலும் பிறந்தவையே. ஆனால் பணியாளர் அறிய விரும்பியதை இவற்றுள் ஒன்றும் நேராகச் சொல்லவில்லை. ஆகவே அவர் அதே கேள்வியை மீண்டும் கேட்க நேர்கிறது. "ஆம்" என்னும் நேர் விடையோ "இல்லை" என்னும் மறை விடையோ ஒரு நொடியில் அவரை அடுத்த படிக்கு நகர்த்தும். "இடப்பக்கம் இரண்டாம் வாயில்" என்னும் சுட்டு விடை ஊர்தியை நேராக வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்.

உரையாடலில் வந்த சிறுமி 'விடுகிறார்' என்பதோடு நின்றிருந்தால் பணியாளர் ஏமாந்திருக்கக் கூடும். தான் கண்டதையும் கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். அதனால் அது மூச்சன்று, திணறல் என்பது விளங்கியது. கேட்டதற்கு நேராக விடை சொல்லி, உடனே கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் அவசர அழைப்பின் இலக்கணமாகும்.

அழைக்கத் தயங்குதல் வேண்டா

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும், காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்று அஞ்சி விலகிச் செல்வோர் உண்டு. இவ்வச்சத்தைப் போக்க நடுவண் அரசு 2015இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்ட வலிமை அளித்தது. விபத்தைத் தொலைபேசியில் தெரிவிப்பவரைத் தம் பெயரையோ பிற விவரங்களையோ வெளியிடும்படி வற்புறுத்தக் கூடாது என்பது அந்நெறிகளுள் ஒன்று. உதவுவோரைக் காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

மறுபுறம், விளையாட்டாக அவசர எண்ணை அழைப்போரும் உள்ளனர். அத்தகைய அழைப்பு ஒன்று இணைப்பை அடைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையான அழைப்பு ஒன்று வெளியே காத்திருக்கக் கூடும். விம்போல் தெருவின் வரிசை அவ்வாறே மீண்டும் உருவாகிறது. தவறுதலாக எண் அழுத்தப்பட்டுவிட்டால் அஞ்சி இணைப்பைத் துண்டிக்காமல், தவறுதலாக அழைத்ததைச் சொல்லிவிடுவதே முறை.

வீட்டின் மொழிபெயர்ப்பாளர்

தில்லிவாழ் தமிழர் இல்லங்கள் பலவற்றில் பெற்றோர் பணிக்குச் சென்றபின் தாத்தா பாட்டியும் பிள்ளைகளுமே வீட்டில் இருப்பர். முதியோர்க்கு இந்தி தெரியாதிருக்கலாம். தமிழில் "நெஞ்சை அடைக்கிறது", "தலை கிறுகிறுக்கிறது", "ஒரு பக்கம் இழுக்கிறது" என்று அவர்கள் சொல்வதன் பொருளை உணர்ந்து, மறுமுனையில் உள்ளவருக்கு இந்தியில் சொல்லவல்லவர் பள்ளியில் பயிலும் பிள்ளைகளே. அவ்வேளையில் இரு மொழிகளையும் அறிந்திருத்தல் மதிப்பெண்ணுக்கு உரிய ஒன்றாக மட்டும் நிற்பதில்லை. ஓர் உயிரைத் தாங்கும் பாலமாகிறது.

அழைப்புப் பணியாளரின் பணியில் ஒரு துயரம் உண்டு. ஊர்தி வந்து சேர்ந்ததும் இணைப்பு முடிகிறது. அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. முந்தைய நோயாளி பிழைத்தாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. முடிவு அறியாத கதைகளை நாள்தோறும் கேட்டும், அடுத்த குரலுக்கு அதே பொறுமையுடன் "எந்த இடத்திற்கு வரவேண்டும்?" என்று அவர் கேட்கிறார். அக்கேள்விக்குத் தெளிவாக விடை சொல்வதே அழைப்பவர் அவருக்குச் செய்யக்கூடிய கைம்மாறு.

சொல்லும் பொருளும்

இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
குருதி – இரத்தம்
மல்லாந்து – முகம் மேல்நோக்க
கைம்மாறு – செய்த உதவிக்கு ஈடாகச் செய்வது
தன்னாட்சி – தானே நிருவகித்துக்கொள்ளும் உரிமை

மதிப்பீடு

அ. ஓரிரு தொடரில் விடை தருக.

1. அழைப்புப் பணியாளர் முதலில் இடத்தைக் கேட்பது ஏன்?
2. 'இயல்பாக மூச்சு விடுகிறாரா?' என்னும் வினாவில் 'இயல்பாக' என்ற சொல்லின் தேவை யாது?
3. மெட்ரோ தூண்களின் எண் எவ்வகையில் உதவுகிறது?

ஆ. பத்து வரிகளில் விடை தருக.

1. 'கேள்வி தாமதமன்று' என்பதைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.
2. பாட உரையாடலில் பணியாளரின் பேச்சுமுறையில் காணும் சிறப்புகளை எழுதுக.

இ. விடை வகையை எழுதுக. வினா: "அவருக்கு நினைவு இருக்கிறதா?"

1. "இல்லை."
2. "நினைவு இருந்தால் பேசமாட்டாரா?"
3. "மாத்திரை சாப்பிட மறந்துவிட்டார்."

ஈ. மொழிச் செயல்பாடு

உங்கள் வீட்டின் முழு முகவரி, மாடி, அருகிலுள்ள அடையாளம், இரவில் திறந்திருக்கும் வாயில் ஆகியவற்றை ஓர் அட்டையில் தமிழிலும் இந்தியிலும் எழுதுக. வீட்டில் உள்ள முதியோர்க்கு அதனைப் படித்துக் காட்டி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைக்க. வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பணியாளராகவும் மற்றவர் அழைப்பவராகவும் பேசிப் பழகுக. பயிற்சிக்காக அவசர எண்ணை அழைத்தல் கூடாது.